மாப்பிள்ளை அடுத்த ஃபெர்ரியில்

காபிப் பாத்திரத்துக்கும் லேப்டாப்புக்கும் நடுவே விசில் கிடந்தது.

நெவென்கா அதைத் தொடவில்லை. தொட்டால் கடித்துவிடும் என்பது போலத் தள்ளி நின்று பார்த்தாள். பித்தளை விசில், கறுப்புக் கயிறு. ரோக்கோவின் கழுத்தைவிட்டு அது இறங்கி அவள் பார்த்ததில்லை. அவர்கள் கல்யாணத்தன்றுகூட அது கோட்டுப் பையில்தான் இருந்தது.

போன வாரம் இதே மேஜையில்தான் அந்தச் சண்டை. "உன் மெஷின் என் தங்கச்சி காரைப் பின்னால தள்ளிச்சுன்னா விசிலை எடுத்து ஊதிடுவேன். பரீட்சையாவது மண்ணாவது!" என்று அவன் கத்தினான். "ஊது! மூணு வருஷப் படிப்பைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு நல்லா ஊது!" என்று அவளும் கத்தினாள். அதற்குப் பிறகு, உப்பை எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

"என்ன இது?" என்றாள் இப்போது.

ரோக்கோ பாதி முகத்தில் சோப்பு நுரையுடன் குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "தெரியலையா? விசில்."

"அது தெரியுது. இங்க எதுக்குக் கிடக்குது?"

"உன் கைப்பையில போட்டுக்க. என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது. வாய் அதைவிட மோசம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "இன்னைக்கு விங்காவோட நாள். உன்னோட நாளும்கூட. நடுவுல நான் எதுக்குச் சத்தம் போட்டுக்கிட்டு?"

ஒரு வாரக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நெவென்கா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். விங்காவின் கல்யாணத்துக்கென்று தைத்த அவளுடைய நீலச் சட்டையின் தோளில் பாதி நுரை ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

தீவின் துறைமுகத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன்னால்தான் ஸ்ப்ளிட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், கணினி அமைப்புகளை உருவாக்கும் படிப்பில் சேர்ந்தாள். வேலையை விட வேண்டியதில்லை. வேலை செய்யும் இடம்தான் சோதனைக்கூடம். சாயங்காலம் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்தால் பாடம். மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு ஸ்ப்ளிட்டுக்குப் போய், தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வேண்டும். கடைசிப் பரீட்சைக்குத் தாளும் பேனாவும் கிடையாது. அவரவர் வேலையிடத்துக்கு வேண்டிய ஒன்றை உருவாக்க வேண்டும். அது நிஜமாகவே ஓடுவதைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்த்து மார்க் போடுவார்.

நெவென்கா உருவாக்கியதற்குப் பெயர் 'வரிசை'. எந்தக் கார் எந்த ஃபெர்ரியில், எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று அது முடிவு செய்யும். நம்பரைத் திரையில் காட்டும், பச்சை விளக்கைப் போடும். இருபது வருடமாக ஃபெர்ரியின் டெக்கில் நின்று அதைச் செய்துகொண்டிருந்தவன், முகத்தில் நுரையோடு நிற்கும் இந்த ரோக்கோ. அவனுடைய ஆயுதம் அந்த விசில்.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் அவனிடம் சொல்லவில்லை. போன மாதம் கம்பெனி டைரக்டர் ஷ்கர்பா அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார்: "இது ஓட ஆரம்பிச்சுட்டா டெக்குல எத்தனை ஆள் வேண்டியிருக்கும்? யோசிச்சுச் சொல்லு." இன்றுவரை பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தாள். விசிலைக் கைப்பையில் போடும்போது அது ஞாபகம் வந்து நெஞ்சைக் குத்தியது.

"அண்ணி!" மாடியிலிருந்து கல்யாணப் பெண்ணின் அலறல். "ஜிப் மாட்டிக்கிச்சு! மேலயும் போக மாட்டேங்குது, கீழயும் வர மாட்டேங்குது!"

"வரேன் விங்கா! இழுக்காதே!"

"இழுத்துட்டேன்!"

ஜிப்பை ஆலிவ் எண்ணெய் தொட்டுச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும்போதே கீழே காரின் ஹார்ன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஒரு பட்டாளம். மாப்பிள்ளை வீட்டார் முதல் ஃபெர்ரியில் வந்து இறங்கிவிட்டார்கள். முன்னால், ஊர்வலத்தை நடத்திச் செல்லும் கொடிக்காரரின் கார். கொடியின் நுனியில் ஒரு சிவப்பு ஆப்பிள். பின்னால் ரோஸ்மேரிக் கொத்து கட்டிய கார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அக்கார்டியன் வாசிக்கும் ஒருவர், ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு.

"பொண்ணைக் குடுங்க!" என்று தெருவிலிருந்து குரல்கள்.

"இந்தா, வாங்கிக்க!" என்று, வழக்கம்போல முதலில் போலிப் பெண்ணாகப் பக்கத்து வீட்டு யேரேயை வெளியே தள்ளினார்கள். ஆறடி உயரம், தொங்கு மீசை, தலையில் வெள்ளை முக்காடு. யேரே வெட்கப்பட்டுக் கண்ணைச் சிமிட்டினான்.

மாப்பிள்ளை பிளாஷ் அவனை மேலும் கீழும் பார்த்தான். "பரவாயில்லை, அழகுதான். ஆனா மீசை குத்துமே."

"உன் தாடி மட்டும் என்ன பட்டா?" என்றான் யேரே.

தெரு அதிர்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, மெல்லிய கோட்டும் தோள்பையுமாக, முகம் வெளிறிப்போன ஒரு பெண் யாரையோ தேடிக்கொண்டு நின்றாள். வயது முப்பதுகூட இருக்காது. நெவென்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் ஓடினாள். மார்க் போட வந்திருக்கும் ஆசிரியை இஸ்க்ரா.

இந்தச் சனிக்கிழமையை அவர்கள் இருவரும் சேர்ந்துதான் வசந்த காலத்திலேயே குறித்தார்கள். சுற்றுலாக் கூட்டம் போய்விடும், துறைமுகம் காலியாக இருக்கும் என்று கணக்கு. சுற்றுலாக் கூட்டம் போன பிறகுதான் தீவில் ஒவ்வொருவராகக் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த நெவென்காவுக்கு அப்போது தோன்றவே இல்லை.

"எனக்குக் கப்பல் ஒத்துக்காது" என்றாள் இஸ்க்ரா பலவீனமாக. அதற்குள் யாரோ அவள் கோட்டில் ரோஸ்மேரி குத்திவிட்டார்கள். வேறு யாரோ கையில் ராக்கியா சாராயக் கிண்ணத்தைத் திணித்தார்கள்.

"நான் பரீட்சை எடுக்க வந்திருக்கேன்!"

"தாராளமா எடுங்க" என்றார் கொடிக்காரர். "யாரு வேண்டாம்னா? முதல்ல இதைக் குடிங்க, வயிறு சரியாயிடும்."

குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வயிறு சரியாகிவிட்டது என்று அவள் முகமே சொன்னது.

கல்யாணம் அக்கரைச் சர்ச்சில். துறைமுகத்தில் பத்து மணி ஃபெர்ரி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அதன் தளத்தில், கல்யாணக் கோட்டுக்கு மேலே மஞ்சள் வேலைச்சட்டையை மாட்டிக்கொண்டு ரோக்கோ நின்றான். இன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, "என் தங்கச்சி போற ஃபெர்ரியில வேற எவனாவது காரை ஏத்துவானா?" என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்திருந்தான்.

நெவென்கா டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் இஸ்க்ரா.

"தொடங்கலாமா?"

"தொடங்கிட்டேன்" என்றாள் நெவென்கா. விசையைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

திரை ஒளிர்ந்தது. முதலில் டாக்டரின் கார். பச்சை. அடுத்து ரொட்டி வேன். பச்சை. திராட்சைக் கூடைகள் ஏற்றிய டிராக்டர் வந்தது. வாசலில் இருந்த கருவி அதன் நீளத்தை அளந்து, இடது ஓரம் போ என்றது. டிராக்டர்காரர் திரையை முறைத்தார், ரோக்கோவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார், இடது ஓரம் போனார். அச்சுப் பிசகாமல் நின்றது. பின்னாலேயே இன்னும் சில டிராக்டர்கள்.

மற்ற நாட்களில் காரை வரிசையில் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். முன்கார் நகர்ந்தால் யார் தள்ளுவது என்று சண்டை வரும். இன்றைக்கு எல்லாரும் காபிக் கடையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். போனில் முறை வந்ததும் எழுந்து வந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. ஏதோ குறைவது போலக்கூட இருந்தது.

"ஓடுது!" என்று நெவென்கா தன்னை மறந்து கத்திவிட்டாள். "இஸ்க்ரா, ஓடுது பாருங்க!"

"பார்க்கிறேன்" என்றாள் இஸ்க்ரா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ரோக்கோ தளத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அந்த ஒரு விரலுக்காக இன்னும் மூன்று வருடம் படிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது கல்யாண ஊர்வலம் வந்து சேர்ந்தது. ஹார்ன், பாட்டு, அக்கார்டியன். விங்கா உட்கார்ந்திருந்த காரைக் கொடிக்காரர் முதலில் திரைக்கு முன்னால் போகவிட்டார்.

பச்சை. முதல் இடம்.

"ஹே!" என்று தீவே கைதட்டியது. போன வாரச் சண்டைக்குப் பிறகு, நாத்தனார் கார் முதல் இடத்தில் வருகிறதா என்று நெவென்கா ராத்திரியெல்லாம் சோதித்து வைத்திருந்தாள். விங்கா ஜன்னல் வழியாக முத்தத்தைப் பறக்கவிட்டாள். கார் ஏறியது. பின்னாலேயே சித்தப்பா, மாமா, யேரே என்று பெண் வீட்டுக் கார்கள் எல்லாம் பச்சை, பச்சை, பச்சை.

அடுத்து மாப்பிள்ளை பிளாஷின் கார்.

சிவப்பு.

திரையில் எழுத்துகள் வந்தன: அடுத்த ஃபெர்ரி.

அக்கார்டியன் நின்றது.

"என்ன இது, ஜோக்கா?" என்று பிளாஷ் தலையை வெளியே நீட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த அவன் அம்மாவின் கார், அடுத்த ஃபெர்ரி. மாமன் கார், அடுத்த ஃபெர்ரி. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் அடுத்த ஃபெர்ரி.

நெவென்காவுக்கு நொடியில் புரிந்துவிட்டது. தீவுக்காரர்களுக்கு முதல் இடம், வெளியூர்க்காரர்கள் பிறகு. அது தீவே கேட்டு வாங்கிய விதி. மாப்பிள்ளை வீட்டுக் கார்களின் நம்பர் அக்கரை நம்பர். டிராக்டர்கள் வேறு இடத்தை அடைத்திருந்தன. மெஷின் சொன்னதில் தப்பே இல்லை.

'வரிசை'க்காக அவள் கேட்காத ஆளில்லை. கேப்டனைக் கேட்டாள், டாக்டரைக் கேட்டாள், ரொட்டிக் கடைக்காரரைக் கேட்டாள், ரோக்கோவை உட்காரவைத்து நாள் கணக்கில் கேட்டாள். கல்யாணக் கார்களைப் பிரிக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மூச்சுவிட வேண்டும் என்று யாராவது விதி எழுதுவார்களா?

"பொண்ணு போயிடும், பையன் இங்க நிப்பானா?" மாப்பிள்ளையின் அம்மா காரைவிட்டு இறங்கிவிட்டாள். "எங்களை வெளியூர்க்காரங்கன்னு போட்டிருக்கா உங்க டிவி?"

"விங்கா இல்லாம நான் சர்ச்சுல போய் யாரைக் கட்டிக்கிறது? ஃபாதரையா?" என்றான் பிளாஷ்.

தளத்திலிருந்து கல்யாணப் பெண் கத்தினாள். "அண்ணா! அவரை ஏத்து! இல்லேன்னா நான் இறங்கிடுவேன்!"

"ஊதுடா ரோக்கோ!" என்றார் சித்தப்பா. "என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற? ஊது!"

ரோக்கோவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே கயிறு இல்லை. அந்த வெறுங்கை அப்படியே நெஞ்சின் மேல் நின்றதை நெவென்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விசில் அவள் மடியில், கைப்பைக்குள் இருந்தது. அவன் வந்து கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதோடு பரீட்சையும் போகும்.

அவன் தளத்தைவிட்டு ஓடி வந்தான். ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றினான். ஆனால் விசிலைக் கேட்கவில்லை.

"என்ன செய்யணும், சொல்லு" என்றான் மூச்சிரைக்க. "சீக்கிரம் சொல்லு. கேப்டன் ஹார்ன் அடிச்சுடுவாரு."

விதியைத் திருத்தி எழுத நேரமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கை வைத்தால் மொத்தமும் கவிழ்ந்துவிடலாம். பிரியாமல் சேர்ந்தே போகிற வண்டிகள் என்று 'வரிசை'க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நெவென்கா பல்லைக் கடித்துக்கொண்டு, ஊர்வலத்துக் கார்களையெல்லாம் வளைத்து ஒரே கூட்டமாக்கி, ஒரு பெயரைக் கொடுத்தாள்.

திரை முழுக்கப் பச்சை. மாப்பிள்ளை கார், அம்மா கார், மாமன் கார். ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே ஒரே சொல்: தீயணைப்புப் படை. டிராக்டர் இரண்டு இறங்கி அடுத்த ஃபெர்ரிக்குப் போயின.

"பார்த்தியா, எங்க வீட்டு மருமக நெருப்பு!" என்று யாரோ கத்த, அக்கார்டியன் மறுபடி ஆரம்பித்தது. கார்கள் கடகடவென்று ஏறின. ரோக்கோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சின்னப் பையனைப் போலக் குதித்தான்.

அந்தச் சந்தோஷம் கடைசிக் கார் ஏறும்வரைதான் நீடித்தது.

பெண் வீட்டு ஆண்களில் பாதிப்பேர் தீவின் தொண்டர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் போன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. கிண்ணங்கள் கீழே விழுந்தன. சித்தப்பா டையைக் கழற்றி எறிந்தார். யேரே முக்காட்டோடு தீயணைப்பு நிலையத்தை நோக்கி ஓட்டம் பிடித்தான்.

"எங்க தீ? எங்க தீ?"

நெவென்கா ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள். "தீ இல்லை! எல்லாரும் திரும்பி வாங்க! தீ இல்லை, கல்யாணம்!"

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்றார் சித்தப்பா. அவர் மனைவி கைப்பையால் அவரை அடித்தாள்.

இஸ்க்ரா மெல்லத் திரும்பினாள். "அந்தக் கூட்டத்துக்கு எச்சரிக்கை போகிற மாதிரி வெச்சது யாரு?"

"நான்தான். குளிர்காலத்துல."

"அவசரத்துல அதை மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன். அதுக்கு முழு மார்க் போட்டது நீங்க."

அக்கரைத் தீயணைப்பு நிலையத்துக்கும் செய்தி போயிருக்கும். ஃபெர்ரி கிளம்பியதுமே, லேப்டாப்போடு அதில் ஏறியிருந்த நெவென்கா தளத்தில் ஒரு மூலையில் நின்று போன் செய்தாள். "தப்பா வந்துடுச்சுங்க. கல்யாணக் கார்கள்தான்."

"தப்புன்னு நீங்க சொல்றீங்க, சரி" என்றார் அங்கிருந்த அதிகாரி. "அலாரம் வந்துட்டா நாங்க கண்ணால பார்த்தாகணும். வண்டி கிளம்பிடுச்சு."

கொடுத்த பெயரை அழிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தீயணைப்புப் படை என்று குறித்துவிட்டால் அந்த வண்டிகள் கரையேறும்வரை யாரும் மாற்றக் கூடாது. யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாதே என்று அவளே போட்ட பூட்டு அது.

சுற்றிலும் பாட்டு, இனிப்புத் தட்டுகள், காற்றில் படபடக்கும் முக்காடு. விங்கா வந்து அண்ணியின் கன்னத்தில் அழுத்தி முத்தமிட்டுவிட்டுப் போனாள். நெவென்காவுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இஸ்க்ரா கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்காமல் நின்றாள்.

"போச்சு, இல்லையா?" என்றாள் நெவென்கா.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி" என்றாள் இஸ்க்ரா. "உங்க சிஸ்டம் நின்னுபோனா வேலை எப்படி நடக்கும்? நீங்க எழுதிக் கொடுத்ததுல, 'டெக் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்'னு ஒரே வரி இருக்கு. எப்படிப் பார்த்துப்பாங்க? யாரு, என்ன செய்வாங்க? அது பதில் இல்லை, நெவென்கா. பதில் வேணும்."

டெக் ஆட்கள். ஷ்கர்பாவின் கேள்வியும் அதேதான். இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல் அவள் நழுவியிருக்கிறாள். அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

அதற்குள் அக்கரை வந்துவிட்டது.

ஃபெர்ரியின் முன்பாலம் இறங்கியது. எதிரே, பாலத்தின் வாயை அடைத்துக்கொண்டு, இரண்டு சிவப்புத் தீயணைப்பு வண்டிகள் தலையில் நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் தீவுக்குப் போகக் காத்திருக்கும் கார்கள் தெருமுனைவரை.

ஃபெர்ரி பக்கம் சிவப்பு விளக்கு. கரைப் பக்கமும் சிவப்பு விளக்கு.

மாறும் என்று காத்திருந்தார்கள். மாறவில்லை. ஹார்ன்கள் ஆரம்பித்தன.

நெவென்கா அவசரமாக லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். வாசல் கேமரா தீயணைப்பு வண்டிகளின் நம்பரைப் படித்து, அவை தீவுக்குப் போகின்றன என்று எடுத்துக்கொண்டிருந்தது. அவசர வண்டி, எனவே அவை முதலில். இந்தப் பக்கமும் தீயணைப்புப் படை, எனவே இவர்களும் முதலில். நீங்கள் போன பிறகு நான் என்று இரண்டு பக்கத்தையும் 'வரிசை' நிறுத்தி வைத்திருந்தது. அது சாயங்காலம்வரை இப்படியே நிற்கும். மரியாதை தெரிந்த மெஷின்.

இரண்டாம் வருடத்தில் இதற்கு ஒரு பாடமே உண்டு. ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து இரண்டும் நின்றுபோவது. பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறாள். கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான்.

"அண்ணி, சர்ச்சு மணி அடிக்குது!" என்றாள் விங்கா. குரல் உடைந்திருந்தது. "எல்லாரும் அங்க வந்திருப்பாங்க!"

ஒரு வினாடி இஸ்க்ராவைப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. நெவென்கா மூன்று வருடத்தை மனதில் நினைத்தாள்: சமையலறை மேஜை, ஆறிப்போன சூப், ஸ்ப்ளிட் பஸ்ஸில் தூங்கி வழிந்த ஞாயிற்றுக்கிழமைகள். பிறகு 'வரிசை'யை மொத்தமாக நிறுத்தினாள். இரண்டு கரையிலும் விளக்குகள் மஞ்சளாகிக் கண் சிமிட்ட ஆரம்பித்தன. திரை கறுத்தது.

கைப்பையில் கையை விட்டாள்.

"ரோக்கோ!"

அவன் திரும்பினான். பித்தளை வெயிலில் மின்னியபடி பறந்து வந்தது. ஒரு கையால் பிடித்தான்.

"ஊது!"

"ஏய், உன் பரீட்சை?"

"ஊதுடான்னா!"

ஊதினான். நீளமாக ஒன்று. துறைமுகத்தின் ஹார்ன்கள் அத்தனையும் வாயடைத்துப்போயின. இடது கையைக் காட்டித் தீயணைப்பு வண்டிகளைப் பின்னால் தள்ளினான். குட்டையாக இரண்டு ஊதி, பெரிய வண்டியைச் சுவரோரம் ஒதுக்கினான். அதன் ஓட்டுநர் இருபது வருடமாக அந்த விசிலுக்குக் கட்டுப்பட்டவர். மறு பேச்சில்லை. பாலத்தின் வாய் திறந்தது. முதலில் கொடி, ஆப்பிளோடு. அடுத்து விங்கா. அவள் காரை ஒட்டி பிளாஷின் கார், நடுவே ஒரு பூனைகூட நுழைய முடியாது. அம்மா, மாமன், சித்தப்பா. நடுவில் புகப்பார்த்த ஒரு கறுப்புக் காரை விசிலாலேயே அடித்து நிறுத்தினான். கல்யாணக் கோட்டின் மேல் மஞ்சள் சட்டை பறக்க, அவன் ஆடுவதா வேலை செய்வதா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. தீயணைப்பு வீரர்கள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

நெவென்காவின் கண் நிறைந்தது. இத்தனை வருடம் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தும் இதை ஒழுங்காகப் பார்த்ததில்லையே என்று இருந்தது.

"இந்தச் சைகையெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" இஸ்க்ரா கம்பியை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றிருந்தாள்.

"இல்லை."

"எழுதுங்க. கல்யாணத்தையும் எழுதுங்க. எழுதினதைத் திங்கட்கிழமை எனக்கு அனுப்புங்க." கோட்டிலிருந்த ரோஸ்மேரியைச் சரிசெய்துகொண்டாள். "கடைசிக் கேள்விக்குப் பதிலைப் பார்த்துட்டேன். பாஸ்."

"என்னது?"

"பாஸ், நெவென்கா. முழு மார்க் எதிர்பார்க்காதீங்க. ரெண்டு தீயணைப்பு வண்டிக்கும் கழிச்சாச்சு."

நெவென்கா அவளைத் தூக்கிச் சுற்றாத குறைதான். கீழே விழ இருந்த லேப்டாப்பை இஸ்க்ராதான் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஷ்கர்பா.

"நெவென்கா! தீயணைப்பு நிலையத்துலருந்து எனக்குப் போன் வருது!" டைரக்டர் காதுக்குள் கொதித்தார். "முதல் நாளே அலாரமா? அங்க என்ன நடக்குது? என்ன அது, காதைக் கிழிக்குது?"

ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றது இப்போது தானாக வெளியே வந்தது. அவள் போனை உயரத் தூக்கி, விசில் சத்தம் நன்றாக விழும்படி பிடித்தாள். பிறகு, பாட்டையும் ஹார்னையும் மீறிக் கேட்கும்படி, துறைமுகம் முழுக்க எதிரொலிக்கக் கத்தினாள்:

"போன மாசம் கேட்டீங்களே சார், டெக்குல எத்தனை ஆள் வேணும்னு! அதுக்குப் பதில்தான் இது! இருக்கிறவங்கள்ல ஒருத்தர்கூடக் குறையக் கூடாது!"

விசில் நின்றது.

ஊர்வலத்தின் கடைசிக் கார், யேரேயுடையது, பாலத்தின் நடுவில் அப்படியே நின்றது. ரோக்கோ விசிலை வாயிலிருந்து எடுத்தான். அவளையே பார்த்தபடி மெதுவாக நடந்து வந்தான்.

"போன மாசமா?" என்றான். "போன மாசம் அவரு உன்கிட்ட என்ன கேட்டாரு?"